ஒட்டகப் பாதுகாப்புக்கு மரபணுக் கணக்கு: மாதிரி அட்டவணை முதல் இணைசேர்ப்புப் பட்டியல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சத்துவாச்சாரியில் என் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் லேப்டாப்போடு உட்காருகிறோம். விலங்கியலும் உயிரித் தொழில்நுட்பமும் படித்த பிள்ளைகள். வேலூரில் ஒட்டகம் என்றால் பொருட்காட்சியில் சவாரிக்கு வரும் ஒன்றிரண்டைத்தான் பார்த்திருப்போம். ஆனால் ஒட்டகங்களின் டிஎன்ஏ வரிசைகள் பொதுத் தரவுத்தளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் இருக்கும் கால்நடை மருத்துவ நண்பர் ஒருவர் அவ்வப்போது வால்முடி மாதிரிகளும் அனுப்பிவைக்கிறார். ஒட்டகம் வளர்ப்பவருக்கு உதவும் ஒரு பட்டியலை இங்கிருந்தே தயாரிக்க இது போதும்.

புதிதாக வரும் எல்லோரும் மென்பொருளைக் கற்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். மென்பொருளை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். சறுக்குவது எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான். அதனால் வேலையின் வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"ஒட்டகத்தின் மரபணுப் பன்மையை ஆராய்வது" என்று நோட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். அதை வைத்துக்கொண்டு எத்தனை மாதிரி வேண்டும், டிஎன்ஏவை எவ்வளவு ஆழமாக வரிசைப்படுத்த வேண்டும் (ஒவ்வொரு எழுத்தையும் எத்தனை தடவை படிக்க வேண்டும்) என்று எதையுமே முடிவு செய்ய முடியாது.

இந்தத் துறையில் உருப்படியான கேள்விகள் பெரும்பாலும் மூன்றே வகைதான். ஒன்று, இந்தக் கூட்டத்தில் உட்கலப்பு (நெருங்கிய உறவுக்குள் இணைசேர்வது) எவ்வளவு, எந்தக் கடாவை (இணைசேர்க்கும் ஆண் ஒட்டகத்தை) மாற்ற வேண்டும்? இரண்டு, இந்த இனம் பக்கத்து இனத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது? மூன்று, காட்டு ஒட்டகம் என்று சொல்லப்படும் இந்த விலங்கில் வளர்ப்பு ஒட்டகத்தின் கலப்பு உண்டா?

இந்தியாவைப் பொறுத்தவரை முதல் கேள்விதான் அவசரம். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019 கணக்கெடுப்பில் 2.5 லட்சத்துக்கு வந்துவிட்டன. கூட்டம் சுருங்கும்போது கடாக்களின் எண்ணிக்கை அதைவிட வேகமாகச் சுருங்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை

16 ஜிபி ராம் உள்ள லேப்டாப், 1 டிபி வெளி டிஸ்க், லினக்ஸ். அதோடு ஒரு யுபிஎஸ். கோடையில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, படித்த துண்டுகளை முழு டிஎன்ஏவில் அவற்றின் இடத்தில் பொருத்தும் அலைன்மென்ட் ஓட்டமோ ஒரு முழு இரவு பிடிக்கும். எந்த வேலையையும் ஒவ்வொரு விலங்குக்கும் தனித்தனியாகப் பிரித்து ஓட்டுங்கள். நடுவில் நின்றுபோனால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப ஓட்டினால் போதும்.

டிஸ்க் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒட்டகத்தின் ஜீனோம், அதாவது முழு டிஎன்ஏ தொகுப்பு, ஏறக்குறைய 200 கோடி எழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக 30 தடவை படித்தால் ஒரு விலங்குக்கே 6,000 கோடி எழுத்து. பத்து விலங்குகளை ஒரே மூச்சில் இறக்கி, டிஸ்க் நிரம்பிப் பாதிக் கோப்போடு நின்றவர்கள் எங்கள் மாடியிலேயே மூன்று பேர்.

அதனால் முதல் வாரம் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை மட்டும் எடுங்கள். அது சுமார் 16,600 எழுத்துதான். அடுத்த வாரம் ஒரே ஒரு குரோமோசோம். மூன்றாவது வாரம் முழு ஜீனோமுக்குப் போகலாம். முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை ஒருமுறை சிறிய அளவில் நடந்து பார்த்தவருக்குத்தான் பெரிய ஓட்டத்தில் எங்கே இடறும் என்று தெரியும்.

3. மாதிரி எடுப்பவருக்குச் சொல்ல வேண்டியவை

நாம் களத்தில் இல்லாதபோது மாதிரி எடுப்பவருக்கு எழுதும் குறிப்புதான் நம் கையும் கண்ணும். நான் அனுப்புவது இவ்வளவுதான்: வால்முடியை வெட்ட வேண்டாம், வேரோடு பிடுங்குங்கள், ஒரு விலங்குக்கு 20 முதல் 30 முடி. உட்கரு டிஎன்ஏ இருப்பது வேர்க்குமிழில்தான், நடுமுடியில் அது அநேகமாக இருக்காது. காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

முழு ஜீனோமுக்கு ரத்தம் நல்லது. ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். ஹெப்பரின் குழாய் வேண்டாம், அது பிசிஆர் வினையைக் கெடுக்கும்.

உறைமேல் பென்சிலால் எழுதச் சொல்ல மறக்காதீர்கள். முதல் தடவை வந்த கட்டில் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தது. மேசையில் சிந்திய எத்தனால் பட்டு நான்கு உறைகளின் எண் கரைந்தே போனது. அந்த நான்கு ஒட்டகங்களையும் இன்றுவரை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை.

மாதிரி எடுக்கும்முன் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும், வளர்ப்பவரின் சம்மதமும் வேண்டும். டிஎன்ஏவோ முடியோ வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போவதாக இருந்தால், 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி சென்னையில் இருக்கும் தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் ஒப்புதலும் தேவை. வேலை முடிந்தபின் கேட்டுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

4. மாதிரி அட்டவணை: பாதி வேலை இதுதான்

ஒரு ஸ்ப்ரெட்ஷீட். ஒரு விலங்குக்கு ஒரு வரி. நெடுவரிசைகள்: நம் எண், வளர்ப்பவர் கூப்பிடும் பெயர், பால், வயது, தாய், தாயின் தாய், கடா எங்கிருந்து வந்தது, ஊர், இனம், அந்த இனப்பெயரைச் சொன்னது யார், மாதிரி வகை, எடுத்த தேதி, எந்தக் கட்டில் (சேர்த்து அனுப்பிய தொகுதியில்) வரிசைப்படுத்தியது. பொதுத் தரவை இறக்கும்போதும் இதே நெடுவரிசைகளை நிரப்புங்கள். தெரியாததைக் காலியாக விடுங்கள், ஊகித்து எழுத வேண்டாம்.

"இனம்" என்பதையும் "சொன்னது யார்" என்பதையும் ஏன் பிரித்தேன் என்றால், ஜெய்சல்மேரில் பார்த்த ஒட்டகம் எல்லாம் ஜெய்சல்மேரி ஆகிவிடாது. பிகானேரியும் அங்கே சந்தைக்கு வரும். ஊர்ப்பெயரை இனப்பெயராக எழுதிவிட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் அதைத் திருத்த முடியாது.

தாயின் தாய் வரை கேட்பதற்கும் காரணம் உண்டு. ராஜஸ்தானில் ஒட்டகம் வளர்க்கும் ரைக்கா மேய்ப்பர்கள் தங்கள் பெண் ஒட்டகங்களின் வழியைத் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருப்பவர்கள். ஒரு பெரியவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதினால், வரிசைப்படுத்தப் பணம் கட்டுவதற்கு முன்பே எந்த இரண்டு விலங்கு அக்கா தங்கை என்று தெரிந்துவிடும். இனப் பன்மையை அளப்பதுதான் கேள்வி என்றால் ஒன்றை மட்டும் அனுப்பலாம், ஒரு விலங்கின் செலவு மிச்சம்.

இந்த அட்டவணை முடியும்வரை யாரையும் கட்டளை வரியைத் திறக்க விடுவதில்லை. கொஞ்சம் கறாராகத் தெரியும். இருந்தாலும் பின்னால் வரும் பத்துப் பிழைகளில் ஏழெட்டு இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

5. தரம் பார்ப்பதும் அலைன்மென்டும்

இதற்கு நல்ல பாடங்கள் நிறைய இருப்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்ட்க்யூசியில் தரம் பாருங்கள், பாஸ்ட்பியில் ஓரங்களை நறுக்குங்கள், பிடபிள்யூஏவில் ரெஃபரன்ஸ் ஜீனோமோடு (ஒப்பிட வைத்துக்கொள்ளும் முன்மாதிரி ஜீனோமோடு) பொருத்துங்கள், சாம்டூல்ஸில் இடவாரியாக அடுக்கி இரட்டை நகல்களைக் குறியிடுங்கள்.

கவனம் வேண்டியது ரெஃபரன்ஸைத் தேர்ந்தெடுப்பதில். ஒற்றைத் திமில் ஒட்டகத்துக்கு 2019-இல் வெளிவந்த காம்ட்ரோ3 என்ற ரெஃபரன்ஸ் குரோமோசோம் அளவில் அடுக்கப்பட்டது. எல்லா விலங்குக்கும் ஒரே ரெஃபரன்ஸ், ஒரே பதிப்பு. பாதி விலங்குகளைப் பழைய பதிப்போடும் மீதியைப் புதியதோடும் பொருத்தினால், பிறகு தெரியும் வித்தியாசம் பதிப்புகளுடையதாகத்தான் இருக்கும்.

6. விலங்கு அதே விலங்குதானா என்று பாருங்கள்

மாறுபாடுகளை (விலங்குக்கு விலங்கு எழுத்து வேறுபடும் இடங்களை) கணக்கிடும்முன் இரண்டு சோதனை. எக்ஸ் குரோமோசோமை எத்தனை தடவை படித்திருக்கிறது என்று மற்ற குரோமோசோம்களோடு ஒப்பிடுங்கள். ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் பாதியளவு வரும், பெண்ணுக்கு ஏறக்குறைய சமமாக வரும். அட்டவணையில் "பெண்" என்று இருந்து கணக்கு பாதியாக வந்தால் உறை மாறியிருக்கிறது.

இரண்டாவது உறவுக் கெழு, அதாவது இரண்டு விலங்கு எவ்வளவு நெருங்கிய உறவு என்று சொல்லும் எண். இதற்கு முதல் சுற்று மாறுபாட்டுப் பட்டியல் ஒன்று போதும். கிங் என்ற மென்பொருளின் முறையில் ஒரே விலங்கின் இரண்டு மாதிரி 0.5 அருகே வரும், தாயும் கன்றும் 0.25, அரைச் சகோதரர்கள் (தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் பொது) 0.125. 0.5 கிடைத்தால் ஒரே ஒட்டகம் இரண்டு பெயரில் நுழைந்துவிட்டது என்று அர்த்தம். பொதுத் தரவை வெவ்வேறு இடங்களிலிருந்து சேர்க்கும்போது இது அடிக்கடி நடக்கும்.

7. வடிகட்டுவது: குரோமோசோம் எண்ணை முதலில் சொல்லுங்கள்

பிளிங்க் மென்பொருளிடம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது மனிதன் என்றே எடுத்துக்கொள்ளும். மனிதனுக்கு எக்ஸ், ஒய் தவிர 22 சோடி குரோமோசோம், ஒட்டகத்துக்கு 36. மொத்தம் 74. மாடு, நாய், குதிரை, செம்மறிக்கெல்லாம் பிளிங்கில் தனிக் குறி உண்டு, ஒட்டகத்துக்கு இல்லை. குரோமோசோம் எண்ணிக்கை 36 என்று நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

மறந்தால் 26-க்கு மேற்பட்ட குரோமோசோம்களுக்குப் பிழை காட்டி நின்றுவிடும். அதாவது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிறது. மோசமானது 23-ஆம் குரோமோசோம். அதை எக்ஸ் என்று நினைத்துக்கொண்டு ஆண் விலங்குகளைப் பற்றி எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாக அச்சிடும். புதியவர்கள் பிழை வந்த குரோமோசோம்களை நீக்கிவிட்டு எச்சரிக்கையைப் படிக்காமல் நகர்ந்துவிடுகிறார்கள். அப்புறம் ஜீனோமின் ஒரு பகுதி இல்லாமலேயே கட்டுரை எழுதுகிறார்கள்.

அடுத்த சறுக்கல் ஹார்டி-வெயின்பெர்க் வடிகட்டி. ஒரே கூட்டத்துக்குள் பாகுபாடில்லாமல் இணைசேர்ந்தால் எழுத்துச் சோடிகள் எந்த விகிதத்தில் வர வேண்டுமோ, அந்தச் சமநிலையிலிருந்து விலகும் இடங்களை நீக்குவது அது. எல்லா இனத்தையும் ஒரே கூடையில் போட்டு இதை ஓட்டக் கூடாது. இனங்களுக்கிடையே உண்மையாகவே வேறுபடும் இடங்கள்தான் அந்தச் சமநிலையிலிருந்து அதிகம் விலகும். நாம் தேடுவதையே வடிகட்டி வெளியே கொட்டிவிடும். ஒவ்வொரு இனத்துக்குள்ளும் தனித்தனியாக ஓட்டுங்கள்.

இங்கேயே கோப்பை இரண்டாகப் பிரித்து வையுங்கள். விலங்குகளின் ஒற்றுமை வேற்றுமையைப் புள்ளிப்படமாகக் காட்டும் பிசிஏவுக்கும், ஒவ்வொரு விலங்கிலும் எந்த மூதாதைக் கூட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கும் அட்மிக்ஸ்சருக்கும் போகும் கோப்பில், பக்கத்துப் பக்கத்தில் சேர்ந்தே வரும் மாறுபாடுகளைக் குறைத்து, நெருங்கிய உறவினர்களையும் எடுத்துவிட வேண்டும். உட்கலப்பு அளக்கும் கோப்பில் இந்த இரண்டையுமே செய்யக் கூடாது. அங்கே நாம் தேடுவது தொடர்ச்சியான நீளங்களை. இடையிலிருக்கும் மாறுபாடுகளை உருவிவிட்டால் நீளம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியாது.

8. பிசிஏ படத்தை மெதுவாகப் படியுங்கள்

போன வருடம் ஒரு மாணவியின் படத்தில் ஐந்து புள்ளிகள் மட்டும் கூட்டத்தைவிட்டுத் தள்ளி மேல்மூலையில் நின்றன.

"சார், இது தனி இனம் போல இருக்கு."

"அட்டவணையைத் திறம்மா. எந்தக் கட்டுல வந்ததுன்னு பாரு."

அந்த ஐந்தும் ஒரே கட்டு. மற்றவை 25 முதல் 30 தடவை படிக்கப்பட்டிருந்தன, இவை 4 தடவை.

ஏன் இப்படி ஆகிறது என்று அன்று நாணயத்தைச் சுண்டிக் காட்டினேன். ஒரு விலங்குக்கு ஓரிடத்தில் தாயிடமிருந்து ஓர் எழுத்து, தகப்பனிடமிருந்து வேறோர் எழுத்து. அந்த இடத்தை நாலு தடவை படித்தால் நாலும் ஒரே பக்கத்து எழுத்தாகவே வர எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. இரண்டே தடவை படித்தால் பாதிக்குப் பாதி. அப்போது உண்மையில் இருவேறு எழுத்து இருக்கும் இடம், ஒரே எழுத்து இரண்டு தரம் இருப்பதாகப் பதிவாகிறது. ஆழம் குறைந்த விலங்கு தனி இனம் போலவும், உட்கலப்பு மிகுந்தது போலவும் தெரிவது இதனால்தான்.

தீர்வு இரண்டு. எல்லா விலங்கையும் ஒரே ஆழத்துக்குக் குறைத்து ஒப்பிடலாம். அல்லது எழுத்தை உறுதியாக முடிவு செய்யாமல் நிகழ்தகவாகவே வைத்துக் கணக்கிடும் ஆங்ஸ்ட் போன்ற கருவிக்குப் போகலாம். அந்த மாணவி முதல் வழியில் போனார். ஐந்து புள்ளிகளும் கூட்டத்துக்குள் வந்துவிட்டன.

இன்னொன்று. ஒற்றைத் திமில் ஒட்டகத்தில் இனங்கள் பளிச்சென்று பிரிந்து நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2016-இல் வெளிவந்த, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒட்டகங்களைப் பார்த்த ஆய்விலேயே கிழக்கு ஆப்பிரிக்கா தவிர மற்ற பகுதிகளுக்கிடையே பிரிவு மங்கலாகத்தான் இருந்தது. வணிகப் பாதைகளில் கண்டம் கண்டமாக நடந்த விலங்கு அது. படம் கலங்கலாக வந்தால் உங்கள் வேலை தவறு என்று நினைக்க வேண்டாம். கலங்கலாக இருப்பதை வைத்து இனம் தேவையில்லை என்றும் முடிவுகட்ட வேண்டாம். கட்ச் கரையில் ஓதநீரில் நீந்திப்போய் அலையாத்தி இலை தின்கிற கராய் ஒட்டகத்தின் பழக்கமும், அதைப் பழக்கத் தெரிந்தவர்களும் பிசிஏவின் முதல் இரண்டு அச்சில் தெரிய மாட்டார்கள்.

9. உட்கலப்பை அளப்பது

தாய்வழியும் தந்தைவழியும் ஒரே மூதாதையிடம் போய்ச் சேர்ந்தால், அந்த விலங்கின் ஜீனோமில் நீண்ட தூரத்துக்கு இரண்டு நகலும் ஒன்றாகவே இருக்கும். இந்த ஒரேமாதிரி நீளங்களைக் கூட்டி, எக்ஸ், ஒய் தவிர்த்த மொத்த நீளத்தால் வகுத்தால் உட்கலப்பு விகிதம். 200 கோடியில் 20 கோடி எழுத்து அப்படி இருந்தால் 10 சதவீதம். அரைச் சகோதரர்கள் சேர்ந்து பிறந்த கன்றுக்கு எதிர்பார்க்கும் அளவு 12.5 சதவீதம் என்பதை அளவுகோலாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், நீளங்களைத் தரம் பிரியுங்கள். ஒரு கோடி எழுத்தைத் தாண்டும் துண்டுகள் நிறைய இருந்தால் கலப்பு சமீபத்தில், சில தலைமுறைக்குள் நடந்தது. கடாவை மாற்றினால் அடுத்த கன்றிலேயே அது உடைந்துவிடும். எல்லாம் குட்டைத் துண்டுகளாக இருந்தால் முன்னோர் கூட்டமே சிறியதாக இருந்த பழைய கதை. அதற்கு இன்றைய கடாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

10. காட்டு ஒட்டகம் என்றால் தாய்வழியை மட்டும் நம்பாதீர்கள்

மங்கோலிய, சீனக் கோபிப் பகுதியில் எஞ்சியிருக்கும் காட்டு இரட்டைத் திமில் ஒட்டகம் சுமார் ஆயிரம்தான். அது வளர்ப்பு இரட்டைத் திமிலுக்கு மூதாதை இல்லை, பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த தனி வகை. வளர்ப்பு ஒட்டகத்தோடு கலப்பதுதான் அதற்கு இருக்கும் பெரிய ஆபத்துகளில் ஒன்று.

மைட்டோகாண்ட்ரியாவில் இரண்டும் தெளிவாக வேறுபடும். மலிவும்கூட. ஆனால் அது தாயிடமிருந்து மட்டும் வருவது. வளர்ப்புக் கடாவும் காட்டுப் பெண்ணும் சேர்ந்து பிறந்த கன்று இந்தச் சோதனையில் நூற்றுக்கு நூறு காட்டு ஒட்டகம் என்றே வரும். எனவே உட்கரு டிஎன்ஏவையும், ஆணாக இருந்தால் ஒய் குரோமோசோமையும் சேர்த்தே பாருங்கள்.

11. இணைசேர்ப்புப் பட்டியல்

அணைக்கட்டுப் பக்கம் செம்மறி வைத்திருப்பவர்களைக் கேட்டால், ஒரே கிடாவை ரொம்ப வருடம் மந்தையில் விடக்கூடாது என்பார்கள். அதன் கணக்கு இது: ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, நாலால் பெருக்கி, மொத்தத் தலையால் வகுங்கள். 2 கடாவும் 98 பெண்ணும் இருந்தால் 100 தலை இருந்தும் மரபணுக் கணக்கில் அது 8 தலைக்குச் சமம். 10 கடாவும் 90 பெண்ணும் என்றால் 36. முதல் கூட்டத்தில் ஒரு தலைமுறைக்கு உட்கலப்பு 6 சதவீதத்துக்கு மேல் ஏறும், இரண்டாவதில் 1.4 சதவீதம்தான். 1 சதவீதத்துக்குள் நிறுத்தினால் நல்லது, அதற்கு இந்தக் கணக்கில் 50 தலை வேண்டும்.

ஆக, பட்டியலின் வேலை கடாக்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதும் இடம் மாற்றுவதும். ஒவ்வொரு கடாவுக்கும் கூட்டத்திலுள்ள எல்லாப் பெண்களோடும் உறவுக் கெழுவின் சராசரியை எடுங்கள். குறைவாக இருப்பது அந்தக் கூட்டத்துக்கு ஏற்ற கடா. தன்னளவில் உட்கலப்பு குறைந்த கடாவைத் தேடிப் பிடிக்கிறார்கள், அது தவறான நெடுவரிசை. அந்தக் கடாவுக்கு இங்கே பத்து அக்கா தங்கை இருந்தால் என்ன செய்வது?

6-ஆம் படியில் கணக்கிட்ட உறவுக் கெழு இங்கேதான் முழுப் பயனைத் தருகிறது. பிசிஏவுக்காக எடுத்துவிட்ட உறவினர்களை மறக்காமல் திரும்பச் சேருங்கள்.

ஒட்டக விந்து பிசுபிசுப்பாகக் கெட்டியாக இருப்பதால் உறையவைத்து அனுப்பும் வழி மாட்டில்போல எளிதில்லை. பெரும்பாலும் கடாவே நடந்தோ வண்டியிலோ போக வேண்டும். போகும்முன், ரத்த ஒட்டுண்ணியால் வரும் சர்ரா நோய்க்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்று பட்டியலின் முதல் வரியிலேயே எழுதுங்கள். ராஜஸ்தானிலிருந்து மாநிலம் தாண்டிக் கொண்டுபோவதற்கு 2015-ஆம் ஆண்டின் ஒட்டகச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு என்பதால் மாற்று ஏற்பாடுகளை மாநிலத்துக்குள்ளேயே யோசிக்க வேண்டும்.

கடாக்கள் இணைசேரும் பருவம் குளிர்காலம். பட்டியல் தீபாவளிக்கு முன் வளர்ப்பவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பொங்கலுக்கு அனுப்பினால் ஒரு வருடம் போய்விடும், பெண் ஒட்டகம் இரண்டு வருடத்துக்கு ஒரு கன்றுதான் ஈனும்.

ஒரே பக்கம், இந்தியில், நம் எண்கள் எதுவும் இல்லாமல், அவர்கள் கூப்பிடும் பெயரிலேயே: இந்தக் கடா இந்தப் பெண்களோடு, இந்தப் பெண்களோடு வேண்டாம், இந்தக் கடாவை அந்த ஊர்க்காரரோடு மாற்றிக்கொள்ளலாம். எங்கள் முதல் பட்டியலைப் பார்த்த ஒரு பெரியவர், இரண்டு பெண்களைச் சுட்டிக்காட்டி அவை ஒன்றுவிட்ட உறவு என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறார். கெழுவைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம், 0.06. சரியாகவே சொல்லியிருந்தார். அட்டவணையில் அந்த இரண்டு வரியிலும் தாயின் தாய் நெடுவரிசை காலியாக இருந்தது, அன்றே நிரப்பினோம்.

சினைக்காலம் ஏறக்குறைய 13 மாதம். கன்று பிறந்த தகவல் வந்ததும் அதன் வால்முடிக்கு ஓர் உறையும் பென்சிலும் அனுப்பிவிட்டு, அட்டவணையில் புது வரி ஒன்றைத் திறந்து தாயின் பெயரை எழுதுங்கள்.